குழலும் குரலும்

சிம்பாங் ரெங்கம் என்னும் எங்கள் ஊர், பெயரிலேயே ஒரு சாலைப் பிரிவைத் தாங்கி நிற்பது. 'சிம்பாங்' என்னும் மலாய்ச் சொல்லுக்குச் சாலை பிரியும் இடம் என்று பொருள். இரயில் நிலையம் உள்ள ரெங்கம் பட்டணத்திற்குச் செல்லும் வழி, முதலாம் எண் கூட்டரசுச் சாலையிலிருந்து இங்கேதான் பிரிகிறது. வடக்கே மாச்சாப்பும் ஆயர் ஈத்தாமும், தெற்கே கூலாயும் ஜொகூர் பாருவும் அதே சாலையில் உள்ளன. ஒரு காலத்தில் ஊரைச் சூழப் பால்மரக் காடாக இருந்தது. இன்று செம்பனையும் அன்னாசியும் விளைகின்றன. ஊர் சிறிது, சாலையோ பெரிது. ஆதலால் இங்கே பிறந்து வளர்ந்தவர்க்கு வண்டிகளின் ஓசை, தாயின் தாலாட்டுக்கு அடுத்தபடியாகக் காதில் விழுந்த ஓசையாகும்.

வடக்கு தெற்கு நெடுஞ்சாலை 1994ஆம் ஆண்டில் முழுமையாகத் திறக்கப்பட்டது. அதற்கு முன்பெல்லாம் கோலாலம்பூருக்கும் ஜொகூருக்கும் ஓடிய வண்டிகள் எங்கள் கடைத்தெருவைக் கடந்தே சென்றன. மாணவர்களின் கட்டுரை ஏடுகளைத் திருத்திக்கொண்டு இரவு நெடுநேரம் விழித்திருக்கும் நான், சாலையைப் பாராமலே போவது பேருந்தா, மரம் ஏற்றிய லாரியா, சிங்கப்பூர்க் காரா என்று சொல்லிவிடுவேன். நெடுஞ்சாலை வந்தபின் அந்தப் பெருக்கு ஊருக்கு வெளியே திரும்பிவிட்டது. இரவுகள் அமைதியாயின. அந்த அமைதிக்கு நாங்களும் பழகிப்போனோம்.

அந்த அமைதியைக் குலைத்த ஒரு காரைப் பற்றித்தான் இக்கட்டுரை எழுத நேர்ந்தது. ஆனால் எழுதத் தொடங்கியபின், குலைத்தது யார், குலைந்தது எது என்பதைப் பற்றி முன்பிருந்த உறுதி எனக்கு இல்லை.

என் மனைவிக்கு நெஞ்சு நோய் கண்டு மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய நாள்கள் அவை. மருந்தைப் போலவே உறக்கமும் வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அவளுக்கோ கோழித்தூக்கம். அதனோடு செவிப்புலனும் மங்கி வந்தது. முதுமையில் செவி தளரும்போது, உச்ச ஒலிகளே முதலில் மறைகின்றன. உயிரெழுத்தின் முழக்கம் கேட்கும். மெய்யெழுத்தின் கூர்மை கேட்காது. அதனால் சொல் மழுங்கிவிடும். தாழ்ந்த ஒலிகள் மட்டும் நெடுநாள் நிலைத்திருக்கும். அருகில் அமர்ந்து, "சோறு போடட்டுமா?" என்று நான் கேட்டால், "யார் வந்தது?" என்று அவள் மறுமொழி சொல்வாள். ஆனால் இரவு ஒரு மணிக்கு எங்கள் தெருவில் நுழையும் ஒரு வெள்ளைக் காரின் உறுமலுக்குத் திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்துவிடுவாள். சன்னல் கண்ணாடியும் அவளோடு சேர்ந்து அதிரும். முப்பது ஆண்டுகளுக்கு மேல் உரக்கப் பேசியே பாடம் நடத்திய என் குரல் எட்டாத காதை, யாரோ ஓர் இளைஞனின் காருக்குப் பின்னால் தொங்கும் ஒரு குழல் எட்டிவிடுகிறது! என் சினத்திற்கு இதைவிட வேறு காரணம் வேண்டுமா?

விசாரித்ததில், ஊருக்கு வெளியே சாலையோரம் ஒரு பட்டறை இருப்பதாகவும், கார்களின் புகைப்போக்கியை மாற்றிக் கொடுப்பதே அங்குத் தொழில் என்றும் தெரியவந்தது. பாடநூலில் புகைப்போக்கி என்று எழுதுகிறோம். எங்கள் ஊர்ப் பட்டறைகளில் அதற்கு 'எக்சோஸ்' என்று பெயர். மறுநாள் காலையிலேயே புறப்பட்டேன். சினத்தோடு செல்பவனுக்குச் சொற்பஞ்சம் இல்லை. 1987ஆம் ஆண்டிலேயே மோட்டார் வாகன இரைச்சலைக் கட்டுப்படுத்த இந்நாட்டில் சுற்றுச்சூழல் சட்டத்தின் கீழ் விதிமுறைகள் வந்துவிட்டன என்பதையும், சாலைப் போக்குவரத்துச் சட்டமும் அதே ஆண்டில் இயற்றப்பட்டது என்பதையும் வழியெல்லாம் மனத்திற்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு சென்றேன்.

பட்டறைக்காரர் காரின் அடியிலிருந்து எழுந்து வந்தார். ஐம்பது வயது இருக்கும். கையைத் துணியில் துடைத்துக்கொண்டே, "சார், வாங்க! என்னைத் தெரியவில்லையா?" என்றார்.

தெரிந்துவிட்டது. முகத்தால் அன்று, சிரிப்பால். 1986ஆம் ஆண்டில் என்னிடம் ஆறாம் ஆண்டு பயின்றவன். அதற்கு முந்தைய ஆண்டு சூலைத் திங்கள் 9ஆம் நாள்தான் புரோட்டோன் சாகா என்னும் நம் நாட்டின் முதல் கார் வெளிவந்தது. சிறுவர்கள் எல்லாரும் அதைப் பற்றியே பேசுவார்கள். இவன் பேசமாட்டான், வாயாலேயே அந்தக் காரை ஓட்டுவான். முதல் கியரில் புறப்பட்டு, இரண்டாம் கியருக்கு மாறும்போது ஓசை சற்றுத் தாழ்ந்து மீண்டும் ஏறுவதைக்கூட விடமாட்டான். செய்யுள் பகுதி நடந்துகொண்டிருக்கும்போது கடைசி வரிசையிலிருந்து ஒரு சாகா புறப்படும். வகுப்பு சிரிக்கும். நான் "வாயை மூடு" என்பேன். அது பயன்படாதபோது தாழ்வாரத்தில் நிறுத்துவேன். அவ்வாண்டில் பெரும்பகுதியை அவன் தாழ்வாரத்திலேயே கழித்தான் என்றால் மிகையன்று.

மாணவனைக் கண்டதும் என் குரல் தாழ்ந்தது. ஆனாலும் வந்த செய்தியைச் சொன்னேன். அவன் நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டான். "வெள்ளை மைவியா, சார்? இரவு ஒரு மணிக்கா? அது நம் பட்டறை வேலை அன்று. எங்கோ பழைய சாமான் வாங்கி மாட்டியிருக்கிறான். உள்ளே இருக்கும் பஞ்சு எரிந்துபோய்விட்டது. ஓசையைக் கேட்டாலே தெரியும்" என்றான்.

ஓசையைக் கேட்டு உள்ளிருக்கும் பஞ்சைச் சொல்வதா? என் முகத்தில் இருந்த வினாவை அவன் படித்துவிட்டான். ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு, பக்கத்துக் கடையில் கோப்பிக்குச் சொல்லிவிட்டு, கழற்றிப் போட்டிருந்த பழைய குழல்களை ஒவ்வொன்றாக என் முன் எடுத்து வைத்தான். நாற்பது ஆண்டுகளுக்குப் பின் இருக்கை மாறியது. அன்று காலை நான் மாணவன், அவன் ஆசிரியன்.

அவன் சொன்னதை நான் விளங்கிக்கொண்ட அளவில் இங்கே எழுதுகிறேன்.

காரின் இயந்திரத்தில் எண்ணெய் எரிந்து முடிந்ததும், வெளியேற்றும் அடைப்பிதழ் திறக்கிறது. உருளைக்குள் இன்னும் அழுத்தம் மிச்சமிருப்பதால், எரிந்த வாயு ஓர் அடியாகக் குழலுக்குள் பாய்கிறது. அந்த அடிதான் ஓசையின் வித்து. சாகாவைப் போல நான்கு உருளைகள் கொண்ட இயந்திரத்தில், சுழல்தண்டு ஒருமுறை சுழன்றால் இரண்டு அடிகள் விழும். நிமிடத்திற்கு 3,000 சுற்று என்றால், நொடிக்கு 50 சுற்று. ஆகவே நொடிக்கு 100 அடிகள். கால் மிதியை அழுத்தி 6,000 சுற்றுக்கு ஏற்றினால் 200 அடிகள்; சுருதி ஒரு தாயி மேலேறிவிடும். 1994இல் வெளிவந்த கான்சில் காருக்கு மூன்றே உருளைகள். அது 3,000 சுற்றில் ஓடும்போது நொடிக்கு 75 அடிகளே விழும். கான்சிலும் சாகாவும் ஒரே வேகத்தில் சுழன்றாலும் ஒரே குரலில் பேசாமைக்கு இதுவே காரணம்.

"எந்தக் குழலை மாட்டினாலும் இந்த அடிகளின் எண்ணிக்கையை மாற்ற முடியாது, சார். பிறக்கும்போதே வந்த சுருதி அது. குழல் மாற்றுவது அதன் நிறத்தைத்தான்" என்றான் அவன்.

நிறம் என்று அவன் சொன்னதை நாம் நாதசுரத்தைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம். சீவாளியைத் தனியே எடுத்து ஊதினால் வாத்துக் கத்துவது போலிருக்கும். அதையே குழலில் பொருத்தி ஊதினால், சீவாளியின் ஓசையில் உள்ள பல அலைகளுள் சிலவற்றைக் குழல் வளர்க்கிறது, சிலவற்றை அடக்குகிறது. கேட்பவர் உருகுகிறார். காரிலும் அடி ஒன்றுதான். ஆனால் ஒவ்வோர் அடியிலும் தாழ்ந்தவை, உயர்ந்தவை எனப் பல அலைகள் கலந்திருக்கின்றன. எதை வெளியே விடுவது, எதை உள்ளே நிறுத்துவது என்பதுதான் எக்சோஸ் தொழிலின் முழு இரகசியம்.

கார் தொழிற்சாலைகள் பொருத்தி அனுப்பும் குடுவையை அறுத்து, உள்ளே காட்டினான். தகரத் தடுப்புகளால் மூன்று நான்கு அறைகளாகப் பிரித்திருந்தார்கள். வாயு ஓர் அறைக்குள் சென்று, திரும்பி, மற்றோர் அறை வழியாகச் சுற்றி வெளியே வரவேண்டும். ஒவ்வொரு திருப்பத்திலும் அலைகள் சுவரில் மோதித் திரும்புகின்றன. எதிரெதிரே வரும் அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. இத்தகைய ஒலியடக்கிக்கு அமெரிக்க நாட்டில் இந்தியானா மாநிலத்தைச் சேர்ந்த ரீவ்ஸ் சகோதரர்கள் 1897ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றார்கள். மோட்டார்க் கார் பிறந்து பத்துப் பதினோர் ஆண்டுகளுக்குள் அதற்கு அடக்கம் கற்பிக்கும் முயற்சியும் தொடங்கிவிட்டது.

பிறகு, கடைகளில் வாங்கி மாட்டும் குடுவை ஒன்றைக் காட்டினான். அதில் அறைகள் இல்லை. இந்த முனையில் கண்ணை வைத்தால் அந்த முனையில் வெளிச்சம் தெரிந்தது. உள்ளே நேராக ஓடும் குழலில் நெடுகத் துளைகள். அதைச் சுற்றிக் கண்ணாடி இழைப் பஞ்சு. உயர்ந்த அலைகள் துளை வழியே பஞ்சுக்குள் நுழைந்து உராய்ந்து சூடாகி மடிகின்றன. நீண்ட அலைகளாகிய தாழ்ந்த ஒலிகளைப் பஞ்சு அவ்வளவாகப் பிடிப்பதில்லை. அவை நேரே வெளியேறுகின்றன. இளைஞர்கள் விரும்பும் அடிக்குரல் இவ்வாறுதான் பிறக்கிறது. பல நூறு பாகை வெப்பத்தில் நாளடைவில் பஞ்சு பொசுங்கி, துளை வழியே சிறிது சிறிதாகப் பறந்துவிடும். அதன்பின் குடுவை வெறும் தகர டப்பா. அடிக்குரலோடு கரகரப்பும் சேர்ந்து, யாரோ தகரத்தை இழுத்துக்கொண்டு ஓடுவது போலக் கேட்கும். வெள்ளைக் காரின் நோயை அவன் காதாலேயே கண்டுகொண்டது இப்படித்தான்.

குழலைப் பெரிதாக்கினால் கார் விரைவாக ஓடும் என்னும் நம்பிக்கையைப் பற்றியும் கேட்டேன். சிரித்தான். ஒவ்வோர் அடியும் குழலில் ஓடும்போது தன் பின்னால் வெற்றிடம் போன்ற ஓர் இழுவையை விட்டுச் செல்கிறது. அந்த இழுவை அடுத்த உருளையில் மிச்சமிருக்கும் புகையை உறிஞ்சிக்கொள்ளும். நான்கு கிளைகளை உரிய நீளத்தில் இணைக்கும் 'எக்ஸ்ட்ராக்டர்' என்னும் உறுப்பு இதற்காகவே உள்ளது. சிறிய இயந்திரத்திற்கு அளவுக்கு மீறிய குழலை மாட்டினால் வாயுவின் ஓட்டம் தளர்ந்து, இழுவை குறையும். மேட்டில் ஏறும்போது கார் திணறும். "சத்தம் கூடியதும் ஓட்டுகிறவனுக்கு வேகம் கூடியது போலத் தோன்றும், சார். மணியைப் பார்த்தால் அதே நேரந்தான் ஆகியிருக்கும்" என்றான். வகுப்பறையிலும் இதைக் கண்டிருக்கிறேன். உரக்கப் பேசும் நாளில் நிறையக் கற்பித்துவிட்டது போல ஓர் எண்ணம் ஆசிரியனுக்கு உண்டாகும்.

கிளைகளின் நீளம் ஒத்திருந்தால் அடிகள் ஒழுங்கான தாளத்தில் வந்து சேரும். ஒவ்வாதிருந்தால் முன்பின்னாக வந்து சேர்ந்து ஒரு துள்ளல் நடை உண்டாகும். சுபாரு நிறுவனத்தின் சில கார்களுக்குப் பெயர் பெற்றுத் தந்த அந்தத் தனிக்குரல், கிளைகளின் நீளம் ஒவ்வாமையால் விளைந்ததே. ஒருவர் குறை என்று நீக்குவதை மற்றொருவர் அழகு என்று போற்றுகிறார்.

உலகம் பேரோசையை வெறுக்கிறது என்று மட்டும் எண்ணிவிடக் கூடாது. 1999 முதல் 2017 வரை சிப்பாங் ஓடுகளத்தில் பார்முலா ஒன் பந்தயம் நடந்தது. இவன் அங்குப் போய்வந்தவன். பத்து உருளை இயந்திரங்கள் நிமிடத்திற்கு 18,000 சுற்றுக்கு மேல் அலறிய காலம் அது. நொடிக்கு 300 சுற்று. சுற்றுக்கு ஐந்து அடி. ஆக 1,500 அடிகள். 2014இல் ஆறு உருளைகளும் காற்றழுத்தியும் கொண்ட புதிய இயந்திரங்கள் வந்தன. புகை செல்லும் வழியில் சுழலும் காற்றழுத்தி அதன் ஆற்றலில் ஒரு பகுதியை எடுத்துக்கொள்வதால் ஓசை படிந்துவிட்டது. பார்க்க வந்தவர்கள் குறைகூறினார்கள். அதே ஆண்டு மே மாதத்தில் பார்சிலோனாவில், மெர்சிடிஸ் அணியின் காருக்குப் பின்னால் ஊதுகொம்பு போன்ற ஒரு குழலைப் பொருத்தி ஓட்டிப் பார்த்தார்கள். பயன் விளையவில்லை. "உள்ளேயே குரல் இல்லை என்றால், வாயில் கொம்பு கட்டி என்ன செய்வது, சார்?" என்றான்.

இந்த இடத்தில்தான் எனக்குத் தொல்காப்பியம் நினைவுக்கு வந்தது. தமிழாசிரியனுக்கு எங்கே போனாலும் இந்த நினைவுகள் விடா. எழுத்ததிகாரத்துப் பிறப்பியலில், உந்தியிலிருந்து எழும் காற்று தலையிலும் மிடற்றிலும் நெஞ்சிலும் நிலைபெற்று, பல்லும் இதழும் நாவும் மூக்கும் அண்ணமும் என்னும் உறுப்புகளோடு பொருந்தி, வெவ்வேறு எழுத்தாகப் பிறக்கிறது என்று ஆசான் வகுத்துரைக்கிறார். காற்று ஒன்று, அது செல்லும் வழியின் அமைப்பு மாறினால் எழுத்து மாறுகிறது. இன்றைய ஒலிநூலாரும் இதையே வேறு சொற்களால் சொல்கிறார்கள். வளர்ந்த ஆடவனின் குரல்வளையிலிருந்து உதடு வரை உள்ள குழல் ஏறத்தாழ 17 சென்டிமீட்டர். நாவை உயர்த்தியும் இதழைக் குவித்தும் நாம் அக்குழலின் வடிவை மாற்றுகிறோம், ஆகாரம் ஊகாரமாகிறது. பட்டறையில் கிடந்த இரும்புக் குழல்களைப் பார்த்துக்கொண்டே, பல ஆண்டுகள் நான் கரும்பலகையில் எழுதிக் கற்பித்த பாடத்தை, இவன் வெல்டிங் கம்பியால் கற்றிருக்கிறான் என்று எண்ணினேன். வகுப்பில் அவன் வாயாலே சாகா ஓட்டியபோது, நாவையும் இதழையும் அண்ணத்தையும் கொண்டு பிறப்பியலுக்குச் செய்முறை விளக்கமல்லவா தந்துகொண்டிருந்தான்? எனக்கு அது இரைச்சலாக மட்டுமே கேட்டது.

அந்த வாரச் சனிக்கிழமை மாலை வெள்ளைக் கார் பட்டறைக்கு வந்தது. என்னையும் வரச் சொல்லியிருந்தான். ஓட்டி வந்தவனுக்கு இருபத்திரண்டு வயதிருக்கும், ஒடிசலான பையன். கூலாய்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் இரண்டாம் முறை வேலை. இரவு பன்னிரண்டுக்கு முடியும். என் மனைவியின் நிலையைச் சொன்னதும் தலை குனிந்துகொண்டான். மன்னிப்பும் கேட்டான். "இத்தனை சத்தம் எதற்கப்பா?" என்று கேட்டேன். வெகுநேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "வேலை செய்யும் இடத்தில் இயந்திரந்தான் பேசும், ஐயா. நாங்கள் பேச முடியாது. வீட்டுக்கு வந்தால் எல்லாரும் தூங்கியிருப்பார்கள். நான் வந்துவிட்டேன் என்று சொல்வது இந்த வண்டி ஒன்றுதான்" என்றான்.

இதற்கு என்ன விடை சொல்வது? சட்டம் அறிந்திருந்தேன், விடை அறியேன்.

பட்டறைக்காரன் அவனுக்கு அறிவுரை ஒன்றும் சொல்லவில்லை. காரை உயர்த்தி, எரிந்துபோன குடுவையைக் கழற்றினான். பெரிய குடுவை ஒன்றில் புதிய பஞ்சைத் திணித்துப் பொருத்தினான். நடுவில் 'புல்லட்' என்று அவர்கள் அழைக்கும் சிறு ஒலித்தணிப்பான் ஒன்றைச் சேர்த்து வெல்டு வைத்தான். எஞ்சியது காருக்குள் கேட்கும் ஒரு முனகல். 3,000 சுற்றுக்கு அருகில் ஓடும்போது 100 அடி அதிர்வு காரின் அறையோடு ஒத்திசைந்து காதை அடைக்கும். அதற்கு அவர்களிடம் ஒரு மருந்து உண்டு. முதன்மைக் குழலின் பக்கவாட்டில், முனை அடைத்த ஒரு கிளைக்குழலை வைப்பது. சூடான வாயுவில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 520 மீட்டர் செல்லும் என்று கொண்டால், 100 அதிர்வின் அலைநீளம் 5.2 மீட்டர், அதில் கால் பங்கு 1.3 மீட்டர். அந்த நீளமுள்ள முட்டுச்சந்துக்குள் அலை சென்று திரும்புவதற்குள் அரை அலை பின்தங்கிவிடும். மேடு வரவேண்டிய இடத்தில் பள்ளம் வந்து நிற்கும், இரண்டும் நிரவிக்கொள்ளும். மூன்றாம் படிவத்தோடு படிப்பை நிறுத்தியவன் இந்தக் கணக்கை அட்டைத் துண்டு ஒன்றில் போட்டு, குழலை அளந்து, அறுத்து, இடம் போதாமையால் வளைத்து, பொருத்தியும் விட்டான்.

இயந்திரத்தை முடுக்கினார்கள். குரல் போய்விடவில்லை. அடிக்குரல் அப்படியே இருந்தது. ஆனால் கரகரப்பு இல்லை, அதிர்வு இல்லை. செவிக்குப் பாதியாகக் குறைந்தது போலத் தோன்றியது. செவிக்குப் பாதியாகத் தோன்றவேண்டுமானால் ஒலியின் ஆற்றலில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கை நீக்க வேண்டும் என்றும், அதைத்தான் 10 டெசிபல் குறைந்தது என்கிறார்கள் என்றும் விளக்கினான். பையனின் முகத்தைப் பார்த்தேன். தன் குரலை இழந்தவன் முகமாக அது இல்லை. பாதிக் கூலிதான் வாங்கினான். மறுபாதியை நான் கொடுக்க முனைந்தபோது என் கையைத் தள்ளிவிட்டான்.

பையன் சென்றபின், நெடுநேரமாக நெஞ்சில் கிடந்ததைக் கேட்டேன். "உன்னைத் தாழ்வாரத்தில் நிறுத்தினேனே, நினைவிருக்கிறதா?"

"இருக்கிறதே, சார்! அங்கே நின்றதால்தான் சாலையில் போன வண்டிகளையெல்லாம் கேட்டேன். தொழில் அங்கேதான் படிந்தது" என்று சிரித்தான். நானும் சிரித்தேன். அத்தோடு விட்டிருந்தால் என் மனம் ஆறியிருக்கும். அவன் எதார்த்தமாகத் தொடர்ந்தான்: "தமிழ்தான் போய்விட்டது, சார். பேசுவேன், படிக்க வராது. பட்டறைப் பலகையில் தமிழிலும் எழுத ஆசை. எழுத்துத் தெரியவில்லை."

அப்போதுதான் பலகையைப் பார்த்தேன். மலாய் இருந்தது, சீனம் இருந்தது, ஆங்கிலமும் இருந்தது. தமிழ் இல்லை. தமிழாசிரியன் ஒருவனிடம் ஓராண்டு முழுதும் பயின்றவனின் பட்டறை அது. என் வகுப்பின் அமைதியைக் காப்பதற்கு நான் கொடுத்த விலை இது. கொடுத்தது நான், இழந்தது அவன். தாழ்வாரத்துக்கு அனுப்பினேனே அன்றி, அந்த வாயில் பிறந்த ஓசையை எழுத்தாக்க நான் முயலவில்லை. அவனோ, ஒரு வெள்ளைக் காரை ஊமையாக்காமல் ஊரோடு ஒத்து வாழப் பழக்கிவிட்டான்.

திருக்குறளில் 13ஆம் அதிகாரத்தின் பெயர் அடக்கமுடைமை. அதை நான் எத்தனை முறை நடத்தியிருப்பேன்! ஆயினும் அடக்கம் வேறு, அடக்குதல் வேறு என்னும் வேறுபாட்டை ஒரு மாணவனுக்கும் சொன்னதாக நினைவில்லை. அடக்குதல் பிறர் செய்வது. வாயை அடைத்துவிட்டால் முடிந்துவிடும். அடக்கம் தானே கொள்வது. ஆற்றல் உள்ளே இருக்க, வெளிப்படும் அளவைத் தானே காப்பது. முதலாவதற்கு ஒரு பிரம்பு போதும். இரண்டாவதைப் பழக்குவதற்குக் காது வேண்டும். அளவுகோலும் பொறுமையும் வேண்டும்.

முற்றிய அமைதியும் நன்மையன்று என்பதை இப்போது உலகமே ஒப்புக்கொண்டிருக்கிறது. மின்சாரக் கார்கள் ஓசையின்றி ஊர்ந்து வருவதால், கண்பார்வை இல்லாதவர்கள் அவற்றின் வரவை அறிய முடியவில்லை. ஆகவே, மணிக்கு 20 கிலோமீட்டர் வேகம் வரையில் அவை ஓசை எழுப்ப வேண்டும் என்று ஐக்கிய நாட்டு அமைப்பின் கீழ் 2016இல் ஒரு விதி வகுக்கப்பட்டது. ஐரோப்பாவில் 2019 முதல் புதிய வகைக் கார்களுக்கு இது கட்டாயமாயிற்று. நூறாண்டுக்கு மேலாகக் காரின் வாயை அடைக்க முயன்ற மனிதன், இப்போது வாய் இல்லாத காருக்குக் குரல் செய்து கொடுக்கிறான்.

சில நாள் கழித்து, ஓர் இரவு என் மனைவி விழித்துக்கொண்டாள். "அந்தப் பையன் இன்னும் வரவில்லையா?" என்று கேட்டாள். இத்தனை நாளும் அவள் அந்தக் காரைத் திட்டுவதாகத்தான் நான் எண்ணியிருந்தேன். "வந்துவிட்டான், பத்து நிமிடம் ஆயிற்று" என்று அவள் காதருகே குனிந்து சொன்னேன். அவளுக்குக் கேட்டதோ இல்லையோ, திரும்பிப் படுத்து உறங்கினாள். அவன் வந்ததை நான் கேட்டேன். தெருமுனையில் ஒரு தாழ்ந்த முழக்கம்; அவ்வளவே. நான் வந்துவிட்டேன் என்று அது சொல்லத்தான் செய்தது.

மறுநாள் ஒரு வெள்ளைத் தாளில் பட்டறைப் பலகைக்குரிய சொற்களை எழுத உட்கார்ந்தேன். 'ஒலியடக்கி' என்று எழுதிவிட்டுச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மனம் ஒப்பவில்லை, அடித்தேன். 'புகைப்போக்கி சீரமைக்குமிடம்' என்று எழுதினேன். எழுத்துகளைப் பெரிதாக, புள்ளியும் கொம்பும் தெளிவாகத் தெரியுமாறு எழுதினேன். தாளை வாங்கிய அவன், விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தடவிப் பார்த்து, "இது என்ன எழுத்து, சார்?" என்று முதலெழுத்தைக் காட்டிக் கேட்டான்.

"பு" என்றேன். "உதடு இரண்டையும் சேர்த்துக் காற்றைத் தடுத்து, பிறகு குவித்துத் திற. தானே வரும்."

அவன் உதட்டைக் குவித்தான். இம்முறை நான் தடுக்கவில்லை.